வெட்டுங்கோ, தங்கச்சி

அக்கா என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதாக ஞாபகம் இல்லை. பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வீட்டுப் பூட்டின் திறப்பைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி கணினித் திரையையே பார்ப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று சொல்வார்: “இதை வெட்டுங்கோ, தங்கச்சி.”

நான் அப்போது வேலை செய்தது திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவில். முதலாளி கிண்ணியாக்காரர். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். கல்யாணவீடு, பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு என்று அவர் ஊரெல்லாம் ஓடி வீடியோ எடுத்துக்கொண்டு வருவார். நான் உள்ளறையில் இருந்து அதையெல்லாம் வெட்டி ஒட்டிச் சீடி ஆக்குவேன். அந்த அறைக்கு யன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பதைப் படியேறி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அப்படி அடைந்து கிடந்தவளுக்கு, தன்னைவிட மோசமாக அடைந்து கிடந்த ஒரு வாடிக்கைக்காரர் மாதா மாதம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் பிடித்துப்போகாமல் என்ன செய்யும்? எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதே அளவுக்கு அவர்மேல் எரிச்சலும் வந்தது.

நானாவும் நானும் அவருக்கு வைத்திருந்த பெயர் வெட்டக்கா. படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே நானா வெளியிலிருந்து குரல் கொடுப்பார். “புள்ள, கத்தரிக்கோல் வருது!” அக்காவுக்கு அது கேட்டிருக்கும். கேட்டாலும் சிரிக்க மாட்டார், கோபிக்கவும் மாட்டார். அவர் கதைக்கிற விதமே அப்படித்தான். பாதிக் கதையில் நிறுத்திவிடுவார். போகும்போது “சரி” என்பார், போய்விடுவார். எங்கள் பக்கத்தில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிப் படியிறங்குவதில்லை. போய்விட்டு வருகிறேன் என்பதை ‘போட்டு வாறன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவோம். அதைக்கூட அக்கா வெட்டி ஒரு ‘சரி’யில் முடித்துவிடுவார்.

அவர் முதன்முதலாக வந்தது, சண்டை ஓய்ந்து, ஆனால் ஆளுக்கொரு ஸ்மார்ட் போன் இன்னும் வராத நாட்களில். பிரான்சில் இருந்த கணவர் ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் ஒரு சின்ன டிஜிட்டல் கமராவைக் கொடுத்தனுப்பியிருந்தார். அது படம் எடுக்கிற கமராதான். மேலே இருக்கிற சில்லைத் திருகினால் வீடியோவும் எடுக்கும். வீடியோ ஓடும்போது சூம் பண்ணாது. கிட்டப் பார்க்க வேண்டுமென்றால் ஆள்தான் கிட்டப் போகவேண்டும். உள்ளே இருக்கிற மெமரி சிப் நிரம்பினால், ஆர் என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும், தானாக நின்றுவிடும். “அம்மாவை எடுத்து அனுப்பு” என்று கணவர் சொல்லியிருந்தார். அந்த அம்மா, அதாவது அக்காவின் மாமி, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் கட்டிலோடு கிடந்தார்.

முதல் வீடியோத் துண்டைத் திரையில் போட்டதும் நான் சிரித்துவிட்டேன். ஆளைப் படம் எடுப்பதென்றால் கமராவை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை அக்கா வீடியோவுக்கும் செய்திருந்தார். கட்டில் முழுதும் அடங்கவேண்டும் என்பதற்காகக் குசினிக் கதவு வரைக்கும் பின்னால் போய் நின்று எடுத்திருக்கிறார். எல்லாம் சரிந்து கிடந்தது. கட்டில் சுவர்போல் எழுந்து நிற்க, அதில் சாய்ந்தபடி மாமி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மின்விசிறி பக்கவாட்டில் முளைத்துச் சுற்றியது. நான் அதை நேராக்கப் போனேன்.

“பொறுங்கோ” என்றார் அக்கா. திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “பாருங்கோ, மாமி எழும்பி நிக்கிறா!”

“தலகாணியும் சேர்ந்தெல்லோ நிக்குது, அக்கா.”

“இப்பிடியே விடுங்கோ. அவர் பாக்கட்டும்.”

“ஃபானைக் கண்டால் அவருக்கு விளங்கிடும்.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “அப்ப ஃபானை வெட்டுங்கோ, தங்கச்சி.”

அப்படித்தான் அது தொடங்கியது.

அக்காவின் வீட்டுக்குள் நான் கால் வைக்கும் முன்பே அந்த வீடு எனக்குப் பழக்கமாகிவிட்டது. துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கை. அதன் முடிவில் முள்ளுக்கம்பி. அதற்கு அப்பால் கடற்படை முகாம். யாரும் போக முடியாது, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பவும் முடியாது. ஒருமுறை முற்றத்தில் நின்று மாமரத்தை எடுத்தபோது காவலுக்கு நின்றவன் கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னானாம். அதன் பிறகு அவர் வெளியே எடுத்ததில்லை. ஆகவே ஒவ்வொரு மாதமும் அதே பச்சைச் சுவர், அதே கலண்டர், அதே கட்டில். கலண்டரில் தாள் மாறியிருந்தால் மாதம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

கடைக்கு வருவதென்றால் மாமி நித்திரையானதும் வெளிக் கதவைப் பூட்டிவிட்டு வருவார். பக்கத்து வீட்டுக்காரி காது கொடுத்துக்கொண்டிருப்பாள். “எழும்ப முதல் போயிடவேணும்” என்று வரும்போதே சொல்வார். திறப்பைக் கைப்பையில் போட்டு நான் பார்த்ததில்லை. உள்ளங்கையில் அதன் பல் பதிந்து கிடக்கும்.

பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் கணவர் போய்விட்டார். அதற்கு முன்னர் அவர் சீனன்குடாவில் ஏதோ வேலையாக இருந்தவர். பிரான்சில் அகதியாகக் கேஸ் எழுதிவிட்டு, வருடக்கணக்காக முடிவுக்குக் காத்திருந்தார். முடிவு வரும்வரை அந்த நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஊருக்கு வந்தால் கேஸ் அதோடு முடிந்தது. வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று அன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்லவும் முடியாது.

எங்கள் ஊரில் ‘கூப்பிடுவது’ என்றால் இன்னோர் அர்த்தம் உண்டு. வெளிநாட்டில் விசா கிடைத்தவர் மனைவியை அங்கே எடுப்பதைத்தான் கூப்பிடுவது என்போம். “அவளைப் புருஷன் கூப்பிட்டிட்டான்” என்றால் அவள் விமானம் ஏறிவிட்டாள் என்று பொருள். அக்கா அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இருந்தார். அது வந்தாலும் மாமியை விட்டுவிட்டுப் போக முடியாது. மாமி கண்ணை மூடினால்தான் வெளிக்கிட முடியும். மாமி கண்ணை மூடவேண்டும் என்று நினைக்கிற ஆளும் அவர் இல்லை. நான் பார்த்த துண்டுகளில் மாமியின் படுக்கை விரிப்பு ஒருநாளும் அழுக்காக இருந்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

“கொஞ்ச நாளைக்கு ஆரிட்டையாவது மாமியை விட்டிட்டு உங்கட அம்மா வீட்டை போய் இருந்திட்டு வாங்கோவன், அக்கா” என்று ஒருநாள் சொன்னேன்.

“ஆரிட்டை?” என்றார். அத்தோடு அந்தக் கதையும் முடிந்தது.

எதையெல்லாம் வெட்டச் சொன்னார் என்று கேட்டால் எதை விட்டுவைத்தார் என்று சொல்வது சுலபம். ஒருமுறை திறந்து கிடந்த கதவால் ஒரு மான் உள்ளே வந்துவிட்டது. எங்கள் நகரத்து மான்கள் மாடுகளைப் போல் தெருவில் திரிபவை, சந்தையில் மரக்கறித் தண்டு தின்பவை. அந்த மான் வாசலில் நின்று மாமியைப் பார்த்தது. மாமி அதைப் பார்த்தார். வடிவான துண்டு. நான் அதற்கு ஒரு பாட்டுக்கூட யோசித்துவிட்டேன்.

“வெட்டுங்கோ.”

“ஐயோ அக்கா, மான்!”

“மானைக் கண்டால் ஊரை நினைப்பார்.”

கப்பல் ஊதுகிற சத்தம் வந்தது, வெட்டினோம். கோயில் மணி வந்தது, வெட்டினோம். மாம்பழம் நறுக்குகிற கை வந்தது, அதையும் வெட்டினோம். “பிறகு என்னதான் அக்கா மிஞ்சும்?” என்று எரிந்து விழுந்தேன். “மாமியும் சுவரும்” என்றார் அவர். “அவர் கேட்டது அம்மாவைத்தானே.”

கணவருக்கு ஊர் ஆசை வந்துவிடும் என்று அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு முறை தொலைபேசியில் கதைக்கும்போதும் அந்த மனிதர் “கேஸும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், நான் அம்மாவைப் பாக்க வாறன்” என்று அழுவாராம். இவர் அவரை அங்கேயே பிடித்து வைத்திருக்கவேண்டும். வந்தால் அவர் மாட்டுப்படலாம். வந்து மாட்டுப்படாவிட்டாலும் திரும்பிப் போக முடியாது. அக்காவும் ஒருநாளும் போக முடியாது. இரண்டு பயமும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. எது பெரிது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

வெட்டுவதற்குக் கஷ்டமானது மாமியின் வாய்தான். கமராவுக்குள் மகன் இருக்கிறான் என்று மாமிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மறதி கூடக்கூட, மகன் வேலைக்கு வெளிக்கிட்டு வாசலில் நிற்கிறான் என்றே மாமி நினைக்கத் தொடங்கினார். “தம்பி, சாப்பிட்டியோ? சைக்கிளுக்குக் காத்து இருக்கோ? வெயிலுக்கை திரியாதை” என்பார். அதெல்லாம் இருக்கட்டும் என்று அக்கா விட்டுவிடுவார். “எப்ப வருவாய்?” வந்தால் வெட்டு. “கெதியா வா” வந்தால் வெட்டு. ‘வா’ என்ற எழுத்து எங்கே வந்தாலும் அக்காவின் விரல் திரையைத் தொட்டுவிடும்.

அந்த ‘வா’க்களை வெட்டிக்கொண்டிருந்த ஒருநாள் அவர் கேட்டார்: “வெட்டினதெல்லாம் எங்க போகும், தங்கச்சி?”

“எங்கையும் போகாது. சீடியிலைதான் வராது. இஞ்ச கம்ப்யூட்டருக்குள்ளை அப்பிடியே கிடக்கும்.”

முகம் மாறிவிட்டது. துணியை வெட்டினால் துண்டு கீழே விழும், கூட்டி அள்ளிவிடலாம் என்பதுபோல இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறார். “எல்லாம் கிடக்கோ?” என்று மறுபடி கேட்டார். எல்லாம் கிடந்தது. இடம் நிரம்புகிறது, அழி அழி என்று நானா கத்துவார். நான் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. அழிக்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “சரி” என்று எழும்பிப் போய்விட்டார்.

அவர் தன்னையும் வெட்டினார். ஒருமுறை கமராவை அலுமாரித் தட்டில் வைத்துவிட்டு நிறுத்த மறந்திருக்கிறார். சிப் நிரம்பும் வரைக்கும் அது ஓடியிருக்கிறது. அதில் அக்கா மாமியைச் சரித்துப் பிடித்து முதுகு துடைக்கிறார், தலை வாருகிறார். மாமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு “அம்மா, அம்மா” என்கிறார். இவர் “ஓம், ஓம், இஞ்சதான் நிக்கிறன்” என்கிறார்.

“இதை அனுப்புங்கோ அக்கா. இதைவிட அவருக்கு வேறை என்ன வேணும்?”

“நான் இருக்கிறன் இதிலை.”

“இருந்தால் என்ன?”

தலை வகிட்டைத் தடவிக்கொண்டார். நரை ஏறியிருந்தது. “போகேக்கை பாத்த முகம் அவரிட்டை இருக்கு. அது போதும். வெட்டுங்கோ.”

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கணினியை அடித்து மூடவேண்டும் போல இருந்தது. வெட்டித்தான் கொடுத்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

மாமிக்கு வருத்தம் கூடிவிட்டது. இரண்டாந்தரமும் பாரிசவாதம் வந்தது. “அம்மாவின்ரை கை தூக்குதோ? கையைக் காட்டு” என்று கணவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அக்கா எடுத்துக்கொண்டு வந்த துண்டில் கை தூக்கியது. எப்போதும்போல மகனிடம் சாப்பாட்டை விசாரித்துவிட்டு, மாமி சிரித்தபடி மெல்லக் கையைத் தூக்கி அசைத்து, “சரி தம்பி, போட்டு வா” என்றார். அது வழியனுப்புகிற வார்த்தை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் சொல்வோம், கடலுக்குப் போகிறவனுக்கும் சொல்வோம்.

“வா வருது” என்றார் அக்கா.

“இது அந்த வா இல்லை, அக்கா. சும்மா எல்லாரும் சொல்லுறது.”

“அவருக்கு இது போதும் வெளிக்கிட. வெட்டுங்கோ.”

வெட்டிப் பார்த்தேன். பல்லில்லாத வாய், ‘போட்டுவா’ என்பது ஒரே இழுவையாக வந்திருந்தது. ‘வா’வை மட்டும் எடுத்தால் ‘ட்டு’ விக்கல்போல் தொங்கியது. அதையும் எடுத்தேன். இப்போது மாமி சிரித்தபடி கையைத் தூக்கி அசைத்து, மகனைப் பார்த்து, “சரி தம்பி, போ” என்றார்.

நான் திருப்பிப் போட்டேன். போ.

“இது சரிவராது அக்கா. துரத்துற மாதிரி இருக்கு. முழுசா எடுத்துவிடுறன்.”

“கை தூக்கிறது அதிலைதானே வருது.”

“அப்ப படம் இருக்கட்டும், சத்தத்தை மட்டும் நிப்பாட்டிவிடுறன்.”

அக்கா திறப்பை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு திரையைப் பார்க்காமல் சொன்னார். “வேண்டாம். இருக்கட்டும். தாய் போ எண்டு சொன்னாத்தான் அவர் அங்க நிப்பார்.”

அது பலித்துவிட்டது. அடுத்த மாதம் வந்தபோது நான் கேட்காமலே சொன்னார். சீடியைப் பார்த்த கணவர் தொலைபேசியில் “அம்மா என்னைப் போ எண்டு சொல்லிப்போட்டா” என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு வாறன் என்ற கதையை அவர் எடுக்கவே இல்லை. அக்கா நினைத்தது நடந்துவிட்டது. நடந்த சந்தோஷம் ஒன்றையும் நான் அவருடைய முகத்தில் காணவில்லை.

மாமி செத்துப்போனது மழைக்காலத்தில். செத்தவீட்டுக்கு நானும் நானாவும் போனோம். அப்போதுதான் அந்த வீட்டுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். பச்சைச் சுவர் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அக்கா கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தானே எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பாஷையில் போட்டோவும் படம்தான், வீடியோவும் படம்தான். அந்தச் சின்னக் கமராவைக் கண்ட சனம் போட்டோதான் எடுக்கிறார் என்று நினைத்து, அழுகையை நிறுத்தி, பெட்டியைச் சுற்றி அசையாமல் நின்றது. ‘எடுத்தாச்சோ?’ என்று ஒரு கிழவர் உதடு அசையாமல் கேட்டார். வேறு வீடாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

கணவர் தொலைபேசியில் வந்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று யாரோ சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். பெரிய ஆம்பிளையின் அழுகை அந்தச் சின்ன வீட்டுக்குள் நிரம்பியது. “கடைசியா என்னைப் போ எண்டுதானே அம்மா சொன்னவ. போ எண்டுதானே சொன்னவ” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். சனம் உச்சுக் கொட்டியது. அக்கா கமராவை இறக்கவில்லை. கமராவுக்குப் பின்னால் அவருடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடிந்து அக்கா வந்தார். கதிரையில் உட்கார்ந்து சிப்பை என் முன்னால் வைத்தார்.

“அந்த வா எல்லாம் இன்னும் கிடக்கோ?”

“கிடக்கு.”

“எல்லாத்தையும் எடுத்துப் போடுங்கோ. அந்தப் போட்டு வாவையும் முழுசாப் போடுங்கோ. இதிலை இருக்கிறதைக் கடைசியிலை போடுங்கோ. ஒண்டையும் வெட்டாதேங்கோ.”

சிப்பில் ஒரே ஒரு துண்டு. கமராவை எதன்மேலோ வைத்துவிட்டு வந்து, மெத்தை எடுத்த வெறும் கட்டிலில் அக்கா உட்காருகிறார். நரை தெரிகிறது. முதலில் போட்டோவுக்கு நிற்பதுபோல அசையாமல் இருக்கிறார். பிறகு பேசுகிறார். “மாமி உங்களைப் போ எண்டு சொல்லேல்லை. போட்டு வா எண்டுதான் சொன்னவ. ஒவ்வொரு முறையும் வா எண்டுதான் சொன்னவ. நான்தான் வெட்டுவிச்சனான். ஸ்டூடியோப் பிள்ளையைக் குறை சொல்லாதேங்கோ. நீங்கள் வந்து மாட்டுப்பட்டிடுவீங்கள் எண்ட பயம். நீங்கள் வந்திட்டால் என்னை ஆர் கூப்பிடுறது எண்ட பயமும்தான்.” அவ்வளவுதான். எழும்பி வந்து கமராவை நிறுத்துகிறார்.

“அக்கா, யோசியுங்கோ. மாமி போயிட்டா. இனி உங்களைத் தடுக்க ஒண்டும் இல்லை. கேஸ் சரிவந்தால் கூப்பிடப்போறார். இதைப் பாத்தால் கூப்பிடுவாரோ? இவ்வளவு நாளும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தது எதுக்கு?”

“தாய் துரத்தினவ எண்டு நினைச்சுக்கொண்டு அவர் அங்க இருக்கிறார், தங்கச்சி. அந்த வீட்டிலை போய் நான் எப்பிடி இருக்கிறது?”

எல்லா ‘வா’வையும் எடுத்து வரிசையாகப் போட்டேன். கெதியா வா, தம்பி வா, எப்ப வருவாய், போட்டு வா. இத்தனை நாள் ஒவ்வொன்றாக வெட்டியபோது தெரியவில்லை. ஒன்றாகக் கேட்டபோது அறையில் இருக்க முடியவில்லை. நானாகூட வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஊரிலிருந்து பிரான்சுக்குத் திரும்பிய ஒருவரிடம் சீடியைக் கொடுத்துவிட்டார் அக்கா.

பிறகு நெடுநாள் அங்கிருந்து ஒன்றும் இல்லை. தொலைபேசியும் இல்லை.

ஒருநாள் பின்னேரம் அக்கா படியேறி ஓடி வந்தார். ஓடி நான் பார்த்ததே இல்லை. கணவர் யாரிடமோ ஒரு சிப் கொடுத்தனுப்பியிருந்தார். அவரும் அப்படி ஒரு சின்னக் கமராவில்தான் தன்னை எடுத்திருந்தார்.

திரையில் போட்டேன். ஒரு சின்ன அறை, பின்னால் மாமியின் படம், மாலை. தலை வழுக்கையாகி, கன்னம் ஒட்டிய ஒரு மனிதர். அக்கா அவரைப் பார்த்துச் சின்னதாக ஒரு சத்தம் போட்டார். அவரும் போகும்போது பார்த்த முகத்தைத்தான் வைத்திருந்தார்போலும்.

அவர் நிறைய நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சிப் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார். “நீ அனுப்பினதைப் பாத்தன். எல்லா வாவையும் கேட்டன்.” மறுபடி பேச்சில்லை. முகத்தைத் துடைத்தார். “உன்ரை முகத்தையும் பாத்தன்.” மறுபடி நிறுத்தினார். “கேஸ் சரிவந்திட்டுது. விசா கிடைச்சிட்டுது. நான் கனக்க யோசிச்சிட்டன். நீ இனி”

அங்கே நின்றுவிட்டது. சிப் நிரம்பிவிட்டது.

“போடுங்கோ” என்றார் அக்கா. திருப்பிப் போட்டேன். நீ இனி. மறுபடி போட்டேன். நீ இனி. கடைசிப் படத்தில் அவருடைய மேல்பல் கீழுதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை அப்படியே நிறுத்திப் பெரிதாக்கினேன்.

“வ தானே?” என்றார் அக்கா. “பாருங்கோ, பல்லுப் படுது. வ தானே, தங்கச்சி?”

“ஓம் அக்கா. வ தான்.”

‘வா’வுக்கும் வ தான், ‘வராதை’க்கும் வ தான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

“கொஞ்சம் நீட்டுங்கோ” என்றார்.

“வெட்டலாம் அக்கா. நீட்ட ஏலாது.”

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகின்றன. ஸ்டூடியோ இப்போது இல்லை. சாமத்தியவீட்டுப் பிள்ளைகள் தாங்களே போனில் வெட்டி ஒட்டிப் பாட்டும் போட்டுவிடுகிறார்கள். நானா கிண்ணியாவோடு நின்றுவிட்டார். அக்கா அதே ஒழுங்கையில் அதே வீட்டில்தான் இருக்கிறார். கடைத்தெருவில் எப்போதாவது கண்டால் கையில் திறப்பு இருக்கும். வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் கெதியாகப் போகவேண்டும் என்பார்.

கணவர் இப்போதும் தொலைபேசியில் கதைப்பாராம். சாப்பாட்டைப் பற்றி, குளிரைப் பற்றி. அந்தச் சிப் வந்த பிறகு முதல்முறை எடுத்தபோதே அவர், “சொல்ல வேண்டியதையெல்லாம் அதிலை சொல்லிப்போட்டன், பாத்தனிதானே?” என்று கேட்டிருக்கிறார். அக்கா “ஓம், பாத்தனான்” என்றிருக்கிறார். கடைசிச் சொல் விழவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. வா என்றிருந்தால் இவர் மறுத்துவிட்டார் என்றும், வராதை என்றிருந்தால் இவர் ஒத்துக்கொண்டார் என்றும் நினைத்திருப்பார். ஆளுக்கொரு பக்கத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

போன மாதம் மரக்கறிச் சந்தையில் கண்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. மான் ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று முட்டைக்கோவா இலை தின்றுகொண்டிருந்தது. “ஒருக்காக் கேளுங்கோவன், அக்கா” என்றேன். “நீ இனி என்ன எண்டு ஒருக்காக் கேட்டால் முடிஞ்சுது. எவ்வளவு காலத்துக்கு இப்பிடி இருக்கப் போறீங்கள்?”

அக்கா திறப்பை மற்றக் கைக்கு மாற்றினார்.

“கேட்டால் சொல்லிப்போடுவாரே, தங்கச்சி.”